இடப்பக்கமிருந்து வந்த மூடுபனி

ஜூன் 9

கல்யாண ஆல்பத்தில் இன்று ஒரு சித்தப்பாவை அழித்தேன். மணமகள் வீட்டார் கேட்டுக்கொண்டது. குடும்பப் படத்தின் ஓரத்தில் நிற்கிறார், பாவம், சிரிக்கக்கூடச் செய்கிறார். என்ன சண்டையோ, நமக்கெதற்கு. ஆளை எடுத்த பிறகு, பக்கத்தில் நின்றவர் அவர் தோளில் போட்டிருந்த கை மட்டும் அந்தரத்தில் தொங்கியது. அந்தக் கையை இறக்கிவிட்டு, பின்னால் திரைச்சீலையை இழுத்து மூடுவதற்குள் மதியம் ஆகிவிட்டது.

பல வருடமாக இதுதான். தம்பி படம் எடுப்பான், நான் சரிசெய்வேன். ஸ்டூடியோ வாசல் பலகையில் கேமராவோடு அவன். உள்ளறையில் கணினியோடு நான்.

தம்பி கொடுத்த கேமரா கார்டில், கல்யாணப் படங்களுக்குக் கடைசியில், அதற்குச் சம்பந்தமில்லாத ஒரே ஒரு படம். ஒரு பள்ளத்தாக்கு. திரும்பி வரும் வழியில் டயர் மாற்ற வண்டி நின்றபோது எடுத்திருக்கிறான். உச்சி வெயில். மலைகள் எல்லாம் ஒரே நிறத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிழிந்து போட்ட துணி மாதிரி. கீழே ஒரு தகரக் கொட்டகை, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. முன்னால் சாலைத் தடுப்புக் கம்பி.

மூடினேன். மறுபடி திறந்தேன். எதற்கு?

ஜூன் 10

ஆல்பம் பாதியில் நிற்கிறது. பள்ளத்தாக்கு திறந்திருக்கிறது.

ஜூன் 13

எதை எடுத்தாலும் தம்பி நடுவில்தான் நிறுத்துவான். பள்ளத்தாக்கையும் பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார வைத்த மாதிரி நேராக உட்கார வைத்திருக்கிறான். காதுகள் தெரியவேண்டும் என்பதுபோல இரண்டு பக்கமும் சமமாக மலை.

முதலில் மேலே வெளுத்துக் கிடந்த வானத்தை வெட்டினேன். பிறகு வலப்பக்கம் கொஞ்சம். ஆறு இப்போது இடப்பக்கக் கீழ்மூலையிலிருந்து நுழைகிறது. கண் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. நல்லது. தடுப்புக் கம்பி போயிற்று. தொட்டி போயிற்று. கொட்டகையை வைப்பதா எடுப்பதா என்று வெகுநேரம் தடுமாறினேன். கண் ஆற்றோடு போகும்போது அது கையைப் பிடித்து இழுத்து நிறுத்துகிறது. எடுத்துவிட்டேன்.

வெளிச்சத்தைக் குறைத்தேன். பச்சையை அடக்கினேன். மாலை ஐந்து மணிக்கு மழைக்கு முன்னால் இருக்குமே, அந்த நிறம்.

ஆனாலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மலைக்கும் மலைக்கும் நடுவே ஏதாவது வேண்டும். தூரம் தெரியவேண்டும்.

இந்தப் படத்தை யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்காத வேலையைச் செய்து எனக்குப் பழக்கமே இல்லை. நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மறுபடி எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறேன்.

ஜூன் 15

மூடுபனி. அதுதான் வேண்டியிருந்தது.

எங்களிடம் மேகங்கள் சேர்த்துவைத்த ஒரு கோப்புறை இருக்கிறது. கல்யாணத்தன்று வானம் வெளுத்திருந்தால் அதிலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டுவோம். ஊரில் பாதிக் கல்யாணங்கள் ஒரே மேகத்தின் கீழ் நடந்தவை. மூடுபனியும் நாலைந்து இருந்தது. ஒன்றும் பொருந்தவில்லை. எல்லாம் பஞ்சு.

காலையில் கெட்டிலில் தண்ணீர் கொதித்தபோது பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஆவி ஒரு பக்கமாகச் சாய்ந்து, கிழிந்து, மெதுவாக... அதேதான்! வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அவருடைய கறுப்பு ரெயின்கோட்டை விரித்துப் பின்னால் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். கறுப்புக்கு முன்னால் எடுத்தால், கறுப்பை விட்டுவிட்டு ஆவியை மட்டும் பிரித்து எந்தப் படத்தின் மேலும் போட்டுக்கொள்ளலாம்.

"கொஞ்சம் மேல தூக்குங்க. கை தெரியுது."

"ஏம்மா, நான் ஆபீஸ் போறதா, இல்ல இன்னிக்கு முழுக்க மலையா நிக்கிறதா?"

"மலை இல்ல. நீங்க இருட்டு."

"கல்யாணம் ஆன நாளா அப்படித்தானே" என்றார். சிரித்ததில் கோட்டு ஆடியது. திரும்பத் தண்ணீர் வைக்க வேண்டியதாயிற்று.

ஜூன் 17

இரண்டு மலைகளுக்கு நடுவே முதல் ஆவி. அதற்குப் பின்னால் இன்னொன்று, இன்னும் மெல்லிசாக. மலைகள் விலகி நின்றுவிட்டன. அவ்வளவு தூரம் அந்தப் படத்துக்குள் இருந்ததே தெரியாமல் போயிற்று.

ஏதோ பில் கேட்டு உள்ளே வந்த தம்பி வாசலிலேயே நின்றுவிட்டான்.

"யார் எடுத்தது?"

"நீதான்."

பக்கத்தில் வந்து பார்த்தான். ரொம்ப நேரம். "ஆமா," என்றான். "டயர் மாத்தினோமே, அன்னிக்கு. ஞாபகம் இருக்கு."

பனி நான் போட்டது என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் கல்லாப் பக்கம் யாரோ மணியடித்தார்கள். போய்விட்டான். அப்புறம் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

ஜூன் 20

சோதனைக்கு ஒரு பிரதி போட்டுப் பார்த்தேன். பிரிண்ட் கடைக்காரர் இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். "என்னங்கக்கா, பள்ளத்தாக்குன்னீங்க. கரிமூட்டையைக் கொண்டு வந்திருக்கீங்க?"

என் தவறுதான். ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு இருட்டறையில் உட்கார்ந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பாக்கியிருக்கிறேன். இருட்டில் இருப்பவருக்கு இருட்டு போதவே போதாது. புதிதாக வேலைக்குச் சேர்கிற பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இது. எனக்கு யார் சொல்வது?

ஜன்னலைத் திறந்துவைத்து குறைத்த வெளிச்சத்தையெல்லாம் மறுபடி ஏற்றினேன். அந்த அறையில் இவ்வளவு தூசி இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது.

ஜூலை 2

மூன்று கல்யாணம், ஒரு அறுபதாம் பிறந்தநாள். முதுகு வலி. பள்ளத்தாக்கைத் திறக்கவில்லை. திறக்கவில்லை என்பது மட்டும் நாள் முழுக்க ஞாபகத்தில் இருந்தது.

ஜூலை 11

தம்பி என் கோப்புறையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து ஒரு போட்டிக்கு அனுப்பியிருக்கிறான். காலண்டர் போடும் பெரிய கம்பெனி ஒன்று நடத்துகிறது. கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டதாம். ஜெயித்தால் ஒரு வருடம் அவர்களுக்காக ஊர் ஊராகப் போய் நிலக்காட்சி எடுக்கும் வேலை.

"இனிமே கல்யாண வீட்டுல நாற்காலி மேல ஏறி நின்னு 'எல்லாரும் இங்க பாருங்க'ன்னு கத்த வேணாம்க்கா." அவன் முகத்தை இப்படிப் பார்த்துப் பல காலம் ஆகிறது. முப்பத்தெட்டு வயதில் பல் விழுந்த பையன் மாதிரி சிரிக்கிறான்.

"அப்ப ஸ்டூடியோ?"

"நீ பாத்துக்க மாட்டியா?"

எதை வைத்து? எனக்குக் கேமராவை எப்படிப் பிடிப்பது என்பதே யோசித்துத்தான் வரும். எடுக்க ஆளில்லாத படங்களை நான் சரிசெய்துகொண்டிருப்பேனா?

பனியைப் பற்றிச் சொல்லவேண்டும். இன்று சொல்கிற நாள் இல்லை.

ஜூலை 14

கம்பெனியின் இணையப் பக்கத்தில் கடைசிச் சுற்றுக்கு வந்தவர்களின் பேட்டிகள். காலையில் வீட்டுக்காரர் கைப்பேசியை வைத்துக்கொண்டு செய்தி வாசிக்கிற குரலில் படித்தார்.

"'வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். கை விறைத்துவிட்டது. அப்போது இடப்பக்கமிருந்து மூடுபனி மெல்ல ஏறிவந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு படம் எடுத்தேன்.'"

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ரெண்டு மணி நேரமா? நம்ம கெட்டில்ல ரெண்டு நிமிஷத்துல கொதிச்சுதே!"

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பிறகு அவர் கேட்டார்: "அவன்கிட்ட சொல்லலயா நீ?"

சிரிப்பு நின்றுவிட்டது.

ஜூலை 15

அவன் பொய் சொல்கிறவன் இல்லை. சின்ன வயதில் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு அவனே போய்ச் சொல்லி அடி வாங்குவான். இதுவும் பொய் இல்லை. இன்று கல்லாவில் ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன் — பனி எப்படிக் கிழிந்தது, எந்த மலையை முதலில் மறைத்தது என்று. எல்லாம் சரியாகச் சொன்னான். இடப்பக்கமிருந்துதான் வந்ததாம். கெட்டிலின் மூக்கு அன்று இடப்பக்கம் இருந்தது.

நான் செய்த ஒன்றை ஒருவன் நேரில் கண்டதாக ஞாபகம் வைத்திருக்கிறான். இதைவிட எனக்கு யார் என்ன பாராட்டு கொடுத்துவிட முடியும்? அதை நினைத்துச் சந்தோஷப்படவும் முடியவில்லை. அந்தப் படத்தில் என் பெயர் எங்கும் இல்லை. அவன் கை விறைத்தது மட்டும் இருக்கிறது.

நகத்தைக் கடிக்கிற பழக்கம் திரும்பிவிட்டது.

ஜூலை 19

ஸ்டூடியோ மின்னஞ்சலைப் பார்ப்பது நான். கம்பெனியிலிருந்து வந்திருக்கிறது. கேமராவிலிருந்து எடுத்த ஒரிஜினலை இந்த வாரத்துக்குள் அனுப்பவேண்டும். நிறம், வெளிச்சம், வெட்டு எல்லாம் மாற்றலாம். வேண்டாததை நீக்குவதுகூடப் பரவாயில்லையாம். எடுத்தபோது அங்கே இல்லாத எதையும் சேர்க்கக் கூடாது.

விண்ணப்பத்திலேயே இருந்திருக்கிறது. அவன் எதைப் படித்தான்?

கார்டு அழிந்துவிட்டது என்று ஒரு வரி எழுதினால் நம்புவார்கள். எல்லாப் படக்காரனும் கார்டை அழித்துத்தான் மறுபடி உபயோகிக்கிறான். அவன் ஜெயிப்பான். போவான்.

உண்மையைச் சொன்னால் போகமாட்டான்.

இங்கேதான் வந்து மாட்டிக்கொண்டேன். சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றுவது, அது சரி என்பதாலா? அவன் இங்கேயே இருப்பான் என்பதாலா? படத்தில் என்றால் ஒவ்வொன்றும் தனித்தனி அடுக்கு. ஒன்றை மறைத்து மற்றதைப் பார்க்கலாம். மனதில் இப்படிப் பிரித்துப் பார்க்க ஒரு பொத்தான் இல்லை.

ஜூலை 20

சொல்லிவிட்டேன்.

கடை திறந்ததும் உள்ளே கூப்பிட்டு, கடிதத்தைக் காட்டி, ஒரிஜினலைத் திறந்தேன்.

"இது இல்லக்கா. அடுத்தது."

"அடுத்தது இல்ல. ஒண்ணுதான் எடுத்திருக்கே."

"இதுல பனி எங்க?"

"இல்ல."

"ஏன் அழிச்ச?"

அழித்தேனாம்! அழிப்பதுதானே என் தொழில், அவனுக்கு அப்படித்தான் தோன்றும். நான் வேலை செய்த படத்தைத் திறந்து, பனி இருக்கும் அடுக்கின் பக்கத்தில் கண் போல ஒரு குறி இருக்கும், அதைத் தட்டினேன். பனி போயிற்று. தட்டினேன், வந்தது. போயிற்று. வந்தது.

"நம்ம வீட்டு கெட்டில்டா. அத்தான் ரெயின்கோட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு."

சிரிப்பான் என்று நினைத்தேன். என்ன மடத்தனம்.

"நிறுத்துக்கா" என்றான். பிறகு ரொம்பச் சின்னக் குரலில், "குளிர்ந்துச்சே. எனக்கு நிஜமா குளிர்ந்துச்சுக்கா."



அவனுக்குக் கோபம் அப்புறம்தான் வந்தது. "பேட்டி வந்தப்ப வாயை மூடிக்கிட்டுத்தானே இருந்த? ஊரெல்லாம் நான் உளறினதை வேடிக்கை பாத்தியா? இப்ப மட்டும் எதுக்குச் சொல்ற? நான் போகக் கூடாது. அதானே? காலம் பூரா நான் கார்டைக் கொண்டாந்து கொடுக்கணும், நீ உள்ள உக்காந்துக்கிட்டு என் படத்தையெல்லாம் நல்லாக்கணும்."

கதவை அறைந்து சாத்தவில்லை. மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான். அது இன்னும் மோசம்.

ஆமாடா, போகக் கூடாதுதான். அதுவும் உண்மை, நான் சொன்னதும் உண்மை. ரெண்டும் ஒரே நாள்ல வந்து வாசல்ல நின்னா நான் என்ன பண்ணுவேன்? எதை முதல்ல உள்ள விடுவேன்? நான் என்ன உன்னைக் கட்டியா போட்டிருக்கேன்? உன் படத்தை எடுத்து அனுப்புன்னு நான் சொன்னேனா? அது என் படம். ஆமா. அது என் படம்.

எழுதிப் பார்த்த பிறகுதான் தெரிகிறது, இதை இதுவரை நான் சொன்னதே இல்லை.

ஜூலை 21

அவன் வரவில்லை. பாஸ்போர்ட் படத்துக்கு வந்த இருவரை நாளைக்கு வரச் சொன்னேன்.

ஜூலை 23

வந்தான். காலை வணக்கம், சண்டை, ஒன்றும் இல்லை. கல்லாக் கணினியில் உட்கார்ந்து இரண்டு விரலால் தட்டிக்கொண்டே இருந்தான். பிறகு என்னைக் கூப்பிட்டான்.

"சரியா இருக்கான்னு பாரு."

போட்டியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தான். கீழே: "இந்தப் படத்தில் உள்ள மூடுபனி நான் எடுத்தபோது இல்லை. இதை உருவாக்கியவர் என் அக்கா. பார்த்தபோது எனக்கே தெரியவில்லை."

"ஊரே காறித் துப்பும்" என்றான்.

"கடைசி வரி வேணுமா?"

"அதுதான்க்கா வேணும். மத்ததை வேணா எடுத்துடு."

ஒன்றையும் எடுக்கவில்லை. அனுப்பினான். பிறகு ஒரு குழந்தைக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்கப் போனான். குழந்தை அழுதது. இவன் ஆடு மாதிரி கத்திச் சிரிக்க வைத்தான். நான் உள்ளறையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 6

அவன் வேலை செய்கிறான், நானும் செய்கிறேன். இரண்டு பேரும் மரியாதையாகப் பேசிக்கொள்கிறோம். தாங்க முடியவில்லை. மேசையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். பிடிக்கவில்லை. பழைய இடத்துக்கே இழுத்தேன். தரையில் கீறல்.

சாயங்காலம் கேட்டான்: "நீ அந்த இடத்தைப் பாத்ததே இல்லல்ல?"

ஆமாம். மலைமேட்டில் ஒவ்வொரு மரமாகத் தெரியும் எனக்கு. அங்கே போனதே இல்லை.

ஆகஸ்ட் 10

போய் வந்தோம்.

வண்டியிலிருந்து இறங்கியதும் முதலில் தெரிந்தது சத்தம். ஆற்றின் சத்தம் அவ்வளவு மேலே வரை வருகிறது. வாரக்கணக்கில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது சத்தம் போடும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

பனி இல்லை. வெயில். தடுப்புக் கம்பி, தொட்டி, கொட்டகை எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன.

"பனி வரல" என்றான்.

"கெட்டில் கொண்டாரலயே."

முதலில் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் குலுங்கியது. சிரிக்கிறான்! அப்பாடா.

கேமராவை எடுத்தவன் உடனே அழுத்தவில்லை. "எங்க நிக்கட்டும்?" என்று கேட்டான். எடுப்பதற்கு முன்னால் அவன் என்னிடம் கேட்பது இதுதான் முதல் தடவை. இடப்பக்கம் போ என்றேன். இன்னும் என்றேன். "கீழ விழுந்துடுவேன்க்கா" என்றான். கொஞ்ச நேரம் நன்றாகச் சண்டை போட்டோம்.

கீழே கொட்டகையிலிருந்து ஒரு பெண் ஏறி வந்தார். என் வயது இருக்கும். பெரிய பூட்ஸ், கழுத்தில் ஒரு கருவி. எதிர்மலை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிகிறதாம். அதை அளப்பதுதான் அவர் வேலை.

"படம் எடுக்கிறவங்களா? எங்க கொட்டகை இருக்கும், பாக்கவே கண்றாவியா. அது வராம எடுத்துக்கங்க."

"நான் எப்பவோ அழிச்சுட்டேங்க" என்றேன்.

கதையைக் கேட்டுவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என் ஆபீஸை அழிச்சவங்களை இப்பத்தான் பாக்கிறேன்." பிறகு தன் பாட்டைச் சொன்னார். தினமும் ஒரே இடத்தில் நின்று எதிர்மலையை ஒரே மாதிரி படம் எடுக்க ஓர் ஆள் வேண்டும். எதையும் மாற்றாமல் அனுப்பவேண்டும். சலித்துப்போய் யாரும் நிலைப்பதில்லை. போன ஆளும் போய்விட்டார்.

"தினமுமா?" என்றான் தம்பி.

அவன் கேட்ட விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.  

ஆகஸ்ட் 29

போய்விட்டான். மலையை அளக்கிறவர்களிடம், ஒரு வருடத்துக்கு. பெட்டியில் கம்பளி உடைகளாகவே வைத்திருந்தான். "இப்பவாவது நிஜமா குளிரும்ல?"

பலகையில் அவன் படம் அப்படியே இருக்கிறது. எடுக்கச் சொன்னான். பார்க்கலாம்.

செப்டம்பர் 12

இன்று நானே ஒரு பாஸ்போர்ட் படம் எடுத்தேன். ஒரு பெரியவர். ஆளைக் கொஞ்சம் இடப்பக்கம் நிறுத்திவிட்டேன் போலிருக்கிறது. "நடுவுல இல்லன்னா வாங்க மாட்டாங்கம்மா" என்று அவரே நகர்ந்து உட்கார்ந்தார்.

முன்னறைச் சுவரில் பள்ளத்தாக்கை மாட்டினேன். ஜன்னலைத் திறந்துவைத்துப் போட்ட பிரதி. கீழே சின்ன எழுத்தில்: படம் — தம்பி. பனி — அக்கா. பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "எந்த இடம் இது?"

"பாதி மலையில இருக்குங்க. பாதி எங்க அடுப்படியில."

அக்டோபர் 17

தம்பியிடமிருந்து ஒரு படம். கூடவே குறிப்பு: "இன்னிக்கு மலையே தெரியல. அளக்கிறவங்களுக்கு இது ஆகாது. உனக்கு அனுப்புறேன். தொடாதே."

திறந்தேன். அதே பள்ளத்தாக்கு. ஆறு இடப்பக்கக் கீழ்மூலையிலிருந்து நுழைகிறது. கொட்டகை இருக்கிறது, அதன் கூரை பாதி நனைந்து. நடுவில் ஒன்றும் இல்லை. நடுவைக் காலியாக விட்டிருக்கிறான்.

மூடுபனி. நிஜமானது. வலப்பக்கமிருந்து வந்திருக்கிறது.

வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கொட்டகைப் பக்கம் கொஞ்சம் இருட்டு கூடுதல். ஓரத்தில் ஒரு மரக்கிளை தேவையில்லாமல் நுழைகிறது. கை மவுஸுக்குப் போனது, வந்தது.

தொடவில்லை.

கெட்டிலில் தண்ணீர் வைத்தேன். தேநீருக்குத்தான்.